லைனில் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு: ஒடிசாப் பெண்களையும் நம்ம அக்காக்களையும் எப்படிச் சேர்த்து வைப்பது?

நாலாவது லைன் எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 17 வயதில் வேடசந்தூர்ப் பக்கமிருந்து கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குக் கையாளாக வந்தேன். 22 வருஷம் ஓடிவிட்டது. என் லைனில் 34 மெஷின். நம்ம ஊர்ப் பெண்கள் 13 பேர், ஒடிசாப் பெண்கள் 15 பேர், பீகார்ப் பையன்கள் 4 பேர், அசாமிலிருந்து வந்த அக்கா தங்கை 2 பேர். ஒடிசாப் பெண்களில் பாதிப் பேர் அங்கேயே அரசுத் திட்டத்தில் தையல் பயிற்சி முடித்துவிட்டு நேராக எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தவர்கள். கை வேகம் நல்லா இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலை டீ டைம் முடிந்து பத்து நிமிஷம் இருக்கும். பேட்லாக் என்கிற தையல் மெஷினில் பண்டல் (கட்டிவைத்த துணி பீஸ்கள்) தேங்கிவிட்டது. அந்த மெஷினில் இருப்பவர் 52 வயது அக்கா. நான் கைமடியாக இருந்த காலத்தில் எனக்குப் பிசிறு வெட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு அடுத்த மெஷினில் 19 வயது ஒடிசாப் பெண். வந்து மூன்று மாசம் ஆகிறது. அவள் மேஜை காலியாகிவிட்டது. திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே, சத்தமாக, "ஏய், சீக்கிரம் குடு டீ!" என்றாள்.

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தார். மெஷின் லைட்டை அணைத்தார். பாதி தைத்த பீஸை ஊசிக்கடியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். லைன் முக்கால் மணி நேரம் நின்றது. நம்ம பெண்கள் எல்லாரும் அந்தப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் கலங்கி என்னைப் பார்த்து "க்யா ஹுவா தீதி?" (என்ன ஆச்சு அக்கா?) என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக விசாரித்தபோதுதான் தெரிந்தது: "டீ" என்றால் தமிழில் "சீக்கிரம்" என்று நினைத்திருக்கிறாள்.

அதை யாரிடம் கற்றாள் என்று யோசித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. எங்களிடம்தான். என்னிடம்தான். அவள் காதில் விழுந்த தமிழ் எல்லாமே "வாடீ, போடீ, எடுடீ"தான்.

அன்றிலிருந்து லைன் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மதியம் தனித்தனி வரிசையில் உட்காருகிறார்கள். கடுகெண்ணெய் வாசம் குமட்டுகிறது என்று நம்ம பெண்கள் தூரப் போகிறார்கள். அவர்கள் ஒடியாவில் பேசிச் சிரித்தால் "நம்மளைத்தான் சொல்றாளுக" என்கிறார்கள். பண்டலைக் கையில் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள். ஆபீஸிலிருந்து வந்து "நாம் அனைவரும் ஒன்று" என்று பேனர் கட்டி கேக் வெட்டிப் போட்டோ எடுத்தார்கள். கேக்கைக்கூட இரண்டு பக்கமாக நின்றுதான் சாப்பிட்டார்கள்.

இன்னொரு விஷயம். ஜூன் நடுவில் "ரஜோ" என்று ஏதோ பண்டிகையாம், மூன்று நாள் லீவு கேட்கிறார்கள். ஜூன் 20-ல் ஷிப்மென்ட். மேனேஜர் முடியவே முடியாது என்கிறார். நம்ம பெண்களோ, "பொங்கலுக்கும் லீவு, தீபாவளிக்கும் லீவு, அது போக இவளுகளுக்குத் தனியா வேறயா?" என்கிறார்கள். அது என்ன பண்டிகை? இந்த இரண்டு கூட்டத்தையும் மறுபடி பேசவைக்க யாராவது வழி சொல்லுங்க. இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான்.

---

ரூர்கேலாக்காரன் எழுதியது:

அக்கா, என் அப்பா ஒடிசாவில் ரூர்கேலா இரும்பாலையில் வேலை பார்த்தார். நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அங்கேதான். தன்பாத்–ஆலப்புழா வண்டியில் வருஷத்துக்கு ஒரு தடவை ஈரோட்டுக்கு வருவோம். உங்கள் பெண்களில் பலரும் அதே வண்டியில்தான் வந்து இறங்கியிருப்பார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒடியாவில் மரியாதை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு படி. அவர்களுக்கு மூன்று: "து", "துமே", "ஆபண". வினைச்சொல்லும் கூடவே மாறும். பெரியவர்களிடம் "து" போட்டால் அங்கேயும் அறைதான் விழும். அந்தப் பெண் தன் ஊரில் 52 வயது அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்கவே மாட்டாள். தமிழில் எந்தப் படி எது என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். நீங்கள் தமிழ் இலக்கணமெல்லாம் எடுக்க வேண்டாம். கடைசியில் ஒரு "ங்க" ஒட்டச் சொல்லுங்கள். "குடுங்க, வாங்க, சொல்லுங்க." ஒரே நாளில் வந்துவிடும்.

இதே தப்பு நம் பக்கமும் உண்டு. திருப்பூர் சூப்பர்வைசர்கள் பேசும் இந்தியைக் கேட்டிருக்கிறேன். "இதர் ஆ", "ஜல்தி கர்", "க்யா கர்தா ஹை." எல்லாமே "தூ" வகை. நம்ம "வாடா, செய்டா" மாதிரி. பேசுகிறவருக்கு அது தெரியாது, கேட்கிறவர்களுக்குச் சுருக்கென்று குத்தும். "இதர் ஆயியே", "ஜல்தி கீஜியே" என்று மாற்றிப் பாருங்கள். முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம், எல்லாரையும் "இந்திக்காரங்க" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒடிசாக்காரர்களுக்கு இந்தி தாய்மொழி இல்லை. மயூர்பஞ்ச், சுந்தர்கட் பக்கத்துப் பழங்குடிப் பெண்களாக இருந்தால் ஒடியாவே இரண்டாவது மொழியாகத்தான் இருக்கும். வீட்டில் சந்தாலி, முண்டாரி, குடுக் என்று பேசுவார்கள். சந்தாலிக்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்மு 1925-ல் உருவாக்கியது. குடுக் மொழி திராவிடக் குடும்பம், நமக்குத் தூரத்துச் சொந்தம். உங்கள் பிள்ளைகளிடம் "வீட்டில் என்ன பேசுவீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இங்கே வந்த பிறகு அதை அவர்களிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

"சாப்பிட்டாச்சா?" என்று நாம் பார்த்ததும் கேட்போமே, அவர்களும் அதேதான்: "பாத காயில கி?" பாத என்றால் சோறு. நம்ம அக்காக்களில் யாராவது ஒருவர் காலையில் இதைக் கேட்டால் போதும்.

---

செக்கிங் டேபிள் எழுதியது:

நானும் திருப்பூர்தான், செக்கிங்கில் 15 வருஷம். மேலே எழுதியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து வலியையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த பேட்லாக் அக்காவின் வீட்டுக்குப் போய் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? லைன் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெண் அழுததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அக்கா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. 52 வயதில் "டீ" என்று கூப்பிடப்படுவது ஒரு சொல் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் எங்களை அந்தச் சொல்லை வைத்துத்தான் ஓட்டினார்கள். வயசான பிறகாவது அது நின்றது என்று நினைத்த நேரத்தில் மறுபடி காதில் விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஹாஸ்டல் பெண்களுக்கு வீட்டு வேலை கிடையாது, குழந்தையை ஸ்கூலில் விடுவது கிடையாது, ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள். அவர்கள் போட்ட பீஸ் கணக்கை எங்களிடம் காட்டி "பாரு, அவங்க போடறாங்க, உனக்கென்ன?" என்று டார்கெட்டை ஏற்றுகிறார்கள். அப்படிக் காட்டியது அந்தப் பெண்கள் இல்லை. ஆனால் கோபம் அவர்கள் மேல்தான் போகும், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். அந்தப் பக்கமும் இதே வேலை நடக்கிறது, "தமிழ்ப் பொம்பளைங்க அஞ்சரைக்குக் கிளம்பிடுவாங்க, நீங்க முடிச்சுக் குடுங்க" என்று.

சூப்பர்வைசர் அக்கா, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். போர்டில் ஆள்வாரியாக எண்ணிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டு லைன் மொத்தத்துக்கு எழுதுங்கள். ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியைத் திட்டுவதை விடுங்கள். கேக் அப்புறம் வெட்டலாம்.

---

நாலாவது லைன் எழுதியது:

செக்கிங் டேபிள், நீங்கள் சொன்னது உண்மை. அக்கா வீட்டுக்கு நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போகிறேன். அந்த போர்டை எழுதுவதும் நான்தான்.

---

நொய்யல் ஜாப் ஒர்க் எழுதியது:

நான் 24 மெஷின் வைத்து, மற்ற கம்பெனிகளின் தையல் வேலையை ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்கிறேன். பாதிப் பேர் பீகார், வங்காளம். பண்டிகை லீவு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு செப்டம்பர் 17 அன்று காலையில் வந்து பார்த்தால் பையன்கள் யாரும் மெஷினில் உட்காரவில்லை. குளித்து, நெற்றியில் பொட்டோடு நிற்கிறார்கள். "விஸ்வகர்மா பூஜா, சேட். இன்னிக்கு மெஷின் ஓட்டக் கூடாது." எனக்குக் கோபம் தலைக்கேறியது. டெலிவரி அன்றைக்கு. ஓட்டினால் ஓட்டுங்க, இல்லாவிட்டால் ரூமுக்குப் போங்க என்று கத்திவிட்டேன். போய்விட்டார்கள். அடுத்த நாள் வந்தது பாதிப் பேர்தான்.

என்னிடம் சிங்கர் தையல் மெஷின் ஓட்டும் பெரியவர் ஒருவர், நம்ம ஆள், சாயங்காலம் சொன்னார்: "முதலாளி, ஆயுத பூஜைக்கு நாம மெஷினுக்குச் சந்தனம் வெச்சு ஒருநாள் தொடாம விடறோமே, அதேதானுங்க இது. அவங்களுக்குத் தேதி வேற." எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அப்பா கைத்தறியில் இருந்தவர். ஆயுத பூஜை அன்று தறியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார்.

அடுத்த வருஷத்திலிருந்து செப்டம்பர் 16 சாயங்காலமே எல்லாருமாக மெஷினைக் கழட்டி, பஞ்சு எடுத்து, எண்ணெய் விடுவோம். நம்ம ஆட்களும் சேர்ந்துதான். 17-ம் தேதி காலை பூஜை, லட்டு, மதியத்துக்கு மேல் பேக்கிங் மட்டும். அரை நாள்தான் போகிறது. ஆயுத பூஜை வரும்போது அதே பையன்கள் வாழைக்கன்று கட்டி, பொரி கலந்து வைப்பார்கள். அந்த எண்ணெய் விடுகிற சாயங்காலம்தான் எங்கள் பட்டறையில் எல்லாரும் நல்லாப் பேசிக்கொள்கிற நாள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானா வரும். உட்கார வைத்துப் பேசச் சொன்னால் வராது.

2023 மார்ச் நினைவிருக்கும். ஹோலிக்கு முந்தின வாரம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, இங்கே எல்லாருக்கும் ஊரிலிருந்து போன் மேல் போன். பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது, நம்ம போலீஸ் பொய் பரப்பியவர்கள் மேல் கேஸ் போட்டது, எல்லாம் நடந்தது. ஆனால் அதெல்லாம் தெரிவதற்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன்கள் பையைக் கட்டிவிட்டார்கள். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, நான் முதலாளி, எனக்கு வேலை ஓட வேண்டும், அப்படித்தானே நினைப்பார்கள். என் கைமடி அம்மா ஒருவர் அவர்கள் ரூமுக்குப் போய் ஒவ்வொருத்தன் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, பையனின் அம்மாவிடம் போனில் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் பேசி, "மேரா பேட்டா, மேரா பேட்டா" (என் பிள்ளை, என் பிள்ளை) என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று பேர்தான் ஊருக்குப் போனார்கள். மற்றவர்கள் பையைப் பிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டவை இல்லை. இரண்டு வருஷமாக டீ கொடுக்கும்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லித்தான் கொடுப்பார்.

---

ஹாஸ்டல் அம்மா எழுதியது:

கண்ணு, ரஜோ பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் ஹாஸ்டலில் 180 ஒடிசாப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் எனக்குத் தெரியும்.

அது பூமித்தாய்க்கு மாதவிடாய் நாள். ஜூன் நடுவில் மூன்று நாள். மழை தொடங்கும் நேரம். அந்த மூன்று நாளும் பூமிக்கு ஓய்வு, ஏர் பூட்டக் கூடாது, மண்ணை வெட்டக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கும் ஓய்வு. சமையல், அரைப்பு, துவைப்பு எதுவும் கிடையாது. புதுத் துணி, மருதாணி, வெற்றிலைபாக்கு, நாள் முழுக்க ஊஞ்சல். ஊஞ்சல் பாட்டே தனியாக உண்டு. நம்ம ஊரில் அந்த நாட்களில் பெண்ணை ஒதுக்கி உட்கார வைத்தோம். அங்கே ஊரே கொண்டாடுகிறது. எனக்கு முதலில் கேட்டபோது நெஞ்சு நிறைந்துபோனது.

இதை உன் அக்காக்களிடம் சொல்லிப் பார். கொங்குக்காரப் பெண்களுக்கு ஒரு வார்த்தையில் புரியும்: ஆடி நோம்பி. ஆடிப் பதினெட்டுக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டி ஆடவில்லையா நாம்? அதேதான், ஒன்றரை மாசம் முன்னால் வருகிறது.

மூன்று நாள் லீவு கிடைக்காது, எனக்கும் தெரியும். எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை. நாங்கள் நடு நாளுக்கு மட்டும் ஓவர்டைம் வேண்டாம் என்று கேட்டு வாங்கினோம். ஐந்தரைக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். பின்னால் வேப்பமரத்தில் இரண்டு தூரி. ராத்திரி பத்து மணி வரை ஆட்டம். முதல் வருஷம் நம்ம சமையல்கார அம்மாக்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் ஒரு அம்மா, அறுபது வயசு, "நகரு சாமி" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வேகமாக ஆட்டிவிட்டார்கள். அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். இப்போது மே மாசமே கயிறு வாங்கியாச்சா என்று அவரே கேட்கிறார்.

சாப்பாட்டுப் பிரச்சினை எங்களுக்கும் இருந்தது. கடுகெண்ணெய் வாசத்தை ஒரு நாளில் பழக முடியாது, அதைக் கட்டாயப்படுத்தாதே. பழைய சோற்றிலிருந்து ஆரம்பி. அவர்கள் அதைப் பகாளா என்பார்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தயிர், பச்சை மிளகாய், சுட்ட கத்திரிக்காய், வறுத்த கருவாடு. நம்ம பெண்களுக்கு அதில் என்ன புதுசு? சின்ன வெங்காயம் மட்டும் அவர்களுக்குப் புதுசு. ஒரு தூக்குப்போசியில் கொண்டுபோய் நடுவில் வை, அவ்வளவுதான்.

---

நாலாவது லைன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கான்ட்ராக்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். நாலு வருஷம் "ஏய்"யும் "டீ"யும்தான். சம்பள நோட்டில் பெயரைப் பார்க்கும்போதுதான் தனக்குப் பெயர் இருப்பதே ஞாபகம் வருமாம். "அந்தப் புள்ள மேல எனக்குக் கோபம் இல்ல கண்ணு. அந்தச் சத்தம் கேட்டதும் நான் பழையபடி அங்க போய் நின்னுட்டேன்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நானும் அந்தச் சொல்லை எத்தனையோ பேர் மேல் எறிந்திருக்கிறேன்.

சனிக்கிழமை போர்டில் ஆள்வாரிக் கணக்கை அழித்துவிட்டு லைன் மொத்தம் மட்டும் எழுதினேன். மேனேஜர் கேட்டார். ஒரு வாரம் பாருங்க சார் என்றேன். லைனில் எல்லாரையும் நிறுத்தி, இனி இங்கே "டா, டீ" யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, முதலில் என் வாயிலிருந்து வராது என்று தமிழில் சொன்னேன். ரூர்கேலாக்காரர் சொன்னபடி இந்தியிலும் "கீஜியே" போட்டுச் சொன்னேன். அசாம் பெண் கை தட்டினாள்.

திங்கள்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். அந்தப் பெண் அவர் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். பயத்தில் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த மாதிரி, "அக்கா, பீஸ் குடுங்க" என்றாள். அந்த "ங்க"வை அழுத்தி, கொஞ்சம் இழுத்து. அக்கா பண்டலை எடுத்தார். மேஜை ஓரத்தில் வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கையிலேயே வைத்து, "உம் பேரு என்ன?" என்று கேட்டார். பெயர் வாயில் நுழையவில்லை, மூன்று தடவை சொல்ல வைத்தார். வீட்டில் சந்தாலி பேசுவாளாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நம்ம பெண்களில் நாலைந்து பேர் இன்னும் தள்ளித்தான் உட்காருகிறார்கள். பீகார்ப் பையன் ஒருவன் மேல் வேறொரு வருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் நேற்று பழைய சோறு கொண்டுபோனேன். முதலில் கை நீட்டியது அசாம் அக்கா தங்கை, அப்புறம் ஒடிசாப் பிள்ளைகள், அப்புறம் பேட்லாக் அக்கா. மோர் மிளகாய் அவர்களுக்குப் பிடித்துவிட்டது, டப்பாவே காலி.

ரஜோவுக்கு நடு நாள் ஐந்தரைக்கு விடுவதாக மேனேஜர் ஒத்துக்கொண்டார், ஷிப்மென்ட் முன்னேறினால். நம்ம பெண்களில் ஆறு பேர் அன்றைக்கு நின்று ஆடிவிட்டுப் போவதாகச் சொல்கிறார்கள். ஹாஸ்டல் அம்மா, இரண்டு கேள்வி. எங்கள் கேன்டீன் பின்னால் இருப்பது புங்கமரம், கிளை அவ்வளவு தடிமன் இல்லை. தூரி தாங்குமா, இல்லை இரும்புப் பைப் ஊன்றிக் கட்டுவதா? அப்புறம் "போட பிட்டா" என்று ஒன்று செய்ய வேண்டுமாம். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, வெல்லமும் தேங்காயும் கலந்து, வாழை இலையில் சுற்றி ராத்திரி முழுக்கத் தணலில் வைப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். கேன்டீனில் கேஸ் அடுப்புதான் இருக்கிறது. அடிகனமான குண்டானில் மூடி, மூடி மேல் கரித் தணல் போட்டால் வேகுமா? மாவு அரைத்துத் தருவதாக பேட்லாக் அக்கா சொல்லியிருக்கிறார். 40 பேருக்கு எத்தனை படி போடச் சொல்லட்டும்?